கீறல் காணவில்லை

தண்ணீர் அலுவலகத்திலிருந்து வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற மனிதர் அவர். யாரும் அவர் பெயரைக் கேட்டதில்லை. "மீட்டர் வந்திருக்கு, கேட்டைத் திற" என்பார்கள். தற்காலிக ஊழியராகத்தான் வேலைக்குச் சேர்ந்தார். சேரும்போது கறுகறுவென்றிருந்த மீசையில் இப்போது வெள்ளை வந்து நிரந்தரமாகவே தங்கிவிட்டது. அவர்தான் இன்னும் நிரந்தரமாகவில்லை.

அலுவலகம் மீட்டர்காரர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கைபேசி கொடுத்திருந்தது. மீட்டரைப் படம் எடுத்து, படத்தில் தெரிகிற எண்ணைப் பார்த்து அதிலேயே தட்டிவிட வேண்டும். திரை கண்ணாடி என்றுதான் ஒப்பந்தத்தில் பேச்சாம். இருப்பதிலேயே மலிவாகத் தருகிறேன் என்றவரிடம் வாங்கியதில், கண்ணாடி மாதிரியான ஏதோ ஒன்றாக வந்து சேர்ந்தது. நகம் பட்டாலே கோபித்துக்கொள்ளும்.

ஒரு நாள் சலூன் ஒன்றின் பின்புறம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மீட்டர் குழியின் இரும்பு மூடியை அவர் தூக்கும்போது, சட்டைப் பையிலிருந்த கைபேசி நழுவி மூடிமேல் குப்புற விழுந்தது. பதறிப்போய் வெடுக்கென்று இழுத்தார். விழுந்ததில் ஒன்றும் ஆகவில்லை. இழுத்ததில்தான் போயிற்று. திரையில் மூலைக்கு மூலை ஒரு கீறல். சாய்த்துப் பார்த்தால் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னியது.

அன்றிலிருந்து மூன்று எட்டாகத் தெரிய ஆரம்பித்தது. ஒன்று சில நேரம் ஏழாகத் தெரிந்தது; சில நேரம் ஒன்றுமே தெரியவில்லை. அடுத்த தடவை போனபோது சலூன்காரர் அவரை உட்காரவைத்துத்தான் பேசினார்.

"மீட்டர் சார், நான் இங்க முடி வெட்டுறேனா, இல்ல யானை குளிப்பாட்டுறேனா?"

"ஏன் அப்படிக் கேக்குறீங்க?"

"பில்லைப் பாத்தா அப்படித்தான் தெரியுது. எனக்கே சந்தேகம் வந்து கடை முழுக்கத் தேடிட்டேன். யானை எதுவும் இல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையில் சவரக்கத்தி இருந்தது.

மீட்டர்காரர் நேராக மேற்பார்வையாளரிடம் போய் நின்றார். திரையில் கீறல் விழுந்துவிட்டது, எண் தப்புத் தப்பாகத் தெரிகிறது, மாற்றிக் கொடுங்கள் அல்லது சரி பண்ணிக் கொடுங்கள் என்றார். மேற்பார்வையாளர் அவசரமாக எழுந்து கதவைச் சாத்தினார்.

"யோவ், மெதுவா பேசு. கீறல் மேட்டர் பெரிய இடத்துல போயிட்டிருக்கு."

உண்மைதான். கீறல் இவர் கைபேசியில் மட்டும் விழவில்லை, எல்லோருடையதிலும் விழுந்திருந்தது. அதனால் இணை இயக்குநர் தலைமையில் கீறல் நீக்கக் குழு என்று ஒன்று ஏற்பட்டிருந்தது. முதல் சில கூட்டங்கள் பெயரிலேயே கழிந்தன. 'நீக்கம்' என்றால் அந்த அலுவலகத்தில் ஊழியரை நீக்குவதுதான் வழக்கம். நீக்கப்பட்ட ஊழியர்கள் எல்லோரும் வழக்குப் போட்டிருந்தார்கள். கீறலை நீக்கினால் அதுவும் போடுமா என்று சட்டப் பிரிவு கேட்டது. போடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட யாரும் முன்வரவில்லை. இதெல்லாம் முடிவாகும்வரை எந்த ஊழியரும் தன் திரையிலுள்ள கீறலைத் தன்னிச்சையாக எதுவும் செய்யக்கூடாது என்று உத்தரவு வந்தது.

பிறகு ஒரு நாள் எல்லா மீட்டர்காரர்களையும் கைபேசியோடு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். இணை இயக்குநர் பூதக்கண்ணாடியோடு வந்தார். ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே போனவர் நம் ஆளின் முன்னால் நின்றுவிட்டார்.

"இது யாரோட கீறல்?"

"என்னோடதுதாங்க ஐயா. தெரியாம விழுந்திடுச்சு, மன்னிச்சிருங்க."

"மன்னிப்பு எதுக்குய்யா? எவ்வளவு நேரா இருக்கு பாருங்க. நடுவுல எங்கயும் தடுமாறல. இப்படி ஒரு கீறல் அமையணுமே."

பக்கத்திலிருந்த அதிகாரிகள் எட்டிப் பார்த்து, அமையணும் ஐயா, அமையணும் என்றார்கள். அதன் பிறகு அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. மீட்டர்காரரும் பழையபடி எட்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் தவித்துக்கொண்டிருந்தார். சலூன்காரரைத் தவிர இன்னும் சில வீடுகளிலும் யானை குளிக்க ஆரம்பித்திருந்தது. தப்பான கணக்குக் கொடுக்கிற தற்காலிக ஊழியரை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று விளக்கம் கேட்டார்கள். கேட்டது, கீறலைத் தொடாதே என்ற அதே அலுவலகம்தான்.

அன்று சாயங்காலம் அவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள்.

"என்னங்க, சுவத்துல படமா ஓடுது?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கைபேசியை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இதுக்கா ஒரு குழு? பல்லு விளக்குற பேஸ்ட் வச்சு மெதுவா தேச்சா போயிடும். எங்க அக்கா கைக்கடிகாரத்துக்கு அப்படித்தான் பண்ணினா."

"தன்னிச்சையா எதுவும் பண்ணக்கூடாதுன்னு உத்தரவு."

"நீங்க பண்ணவேண்டாம். நான் பண்றேன். எனக்கு யாரும் உத்தரவு போடல."

சட்டப் பிரிவுக்கே தோன்றாத வழி அது. அவள் கைபேசியை அணைத்தாள். தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது என்று சார்ஜ் ஏற்றுகிற ஓட்டையையும் சத்தம் வருகிற ஓட்டையையும் ஒட்டுநாடாவால் அடைத்தாள். அவருடைய பழைய பனியனைக் கிழித்து, மிருதுவான பக்கமாகப் பார்த்து மடித்தாள். வெள்ளைப் பேஸ்ட்டில் ஒரு மிளகளவு எடுத்து, வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். அழுத்தவில்லை. குழந்தைக்குக் கன்னத்தில் பவுடர் போடுகிற மாதிரி.

"விடு, நான் தேய்க்கிறேன்" என்றார் அவர் கொஞ்ச நேரத்தில்.

"உத்தரவு?"

"அது கீறலுக்குத்தான். நான் பேஸ்ட்டைத்தான் தேய்க்கிறேன்."

மாற்றி மாற்றித் தேய்த்தார்கள். ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தபோது, திரையில் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. கீறல் அடியோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. இங்கேதான் இருந்தது என்று தெரிந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடினால், ஒரு மூலையில் நிழல் மாதிரி ஏதோ இருந்தது. மீட்டர் படம் ஒன்றைத் திறந்தார். மூன்று மூன்றாகவே இருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. "சாப்பிடலாம் வாங்க" என்றாள் அவள்.

மறுநாள் காலை உற்சாகமாக அலுவலகம் போனார். வாசலில் தோரணம் தொங்கியது. நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. மேற்பார்வையாளர் அரக்கப் பரக்க ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"யோவ், எங்கய்யா போயிட்டே! அதிர்ஷ்டக்காரன்யா நீ. உன் கீறல் தேர்வாகியிருக்கு!"

"என்ன சார்?"

"இன்னைக்கு இயக்குநரே நேர்ல வர்றாரு. எல்லார் முன்னாடியும் தன் கையால ஒரு கீறலை நீக்கித் திட்டத்தைத் தொடங்கிவைக்கிறாரு. எத்தனையோ கீறல்ல உன்னோடதைத்தான் எடுத்திருக்காங்க. இது நல்லபடியா முடிஞ்சா உன்னை நிரந்தரம் பண்றதா இணை இயக்குநர் வாய்விட்டுச் சொல்லிட்டாருய்யா. எங்க, கீறலைக் காட்டு. கண்ணுல ஒத்திக்கிறேன்."

மீட்டர்காரர் கைபேசியை எடுத்து நீட்டினார். மேற்பார்வையாளர் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கீறல் எங்கய்யா?"

"போயிடுச்சு சார்."

"எங்க போச்சு?"

எங்கே போயிற்று என்று அவருக்கு எப்படித் தெரியும்? பனியன் துணியோடு போயிருக்கலாம்.

இணை இயக்குநரின் அறையில் விசாரணை நடந்தது. பேஸ்ட், பனியன், மனைவி எல்லாம் வெளியே வந்தன. இணை இயக்குநர் திட்டவில்லை. நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்.

"கீறல் போறது ஒண்ணும் பெரிய விஷயமில்லய்யா. அது என்னைக்கோ போயிருக்கும். யார் முன்னாடி போகுது, யார் கையால போகுதுங்கறதுதான் விஷயம். நாங்க இவ்வளவு பேர் இத்தனை நாளா உக்காந்து நீக்காம வச்சிருந்த கீறலை, நீ வீட்டுல உக்காந்து நீக்கிட்டு வந்து நிக்கிறியே. பொறுப்பிருக்கா உனக்கு?"

"தப்புத்தாங்க ஐயா."

"உன் வீட்டுக்காரம்மா இந்தத் துறையில வேலை பாக்குறாங்களா?"

"தையல் வேலைங்க ஐயா."

"தையல்! துறைக்குச் சம்பந்தமே இல்லாதவங்க நீக்கியிருக்காங்க!"

சரி, வேறு கீறலைக் கொண்டுவாருங்கள் என்று உத்தரவாயிற்று. மேற்பார்வையாளர் மீட்டர்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, கைபேசிகளை மேஜைமேல் வைக்கச் சொன்னார். ஒருத்தரும் வைக்கவில்லை. மிரட்டியபிறகு ஒவ்வொன்றாக வந்தது. எல்லாம் பளபளவென்று மின்னின. ஒருவர் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்திருந்தார். இன்னொருவர் மச்சினனின் மோட்டார் சைக்கிள் மெருகுப் பசையைக் கேட்டு வாங்கியிருந்தார். மற்றவர்களெல்லாம் பேஸ்ட்தான். துறை முழுக்க சல்லடை போட்டுத் தேடியும் ஒரு கீறல் கிடைக்கவில்லை. உத்தரவு வந்த வாரத்திலேயே ஆளாளுக்கு வீட்டில் ரகசியமாக நீக்கிவிட்டு, பூதக்கண்ணாடி வந்த அன்று மட்டும் திரைமேல் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அசல் கீறலோடு வந்தவர் நம் ஆள் ஒருவர்தான். தேர்வானதில் ஆச்சரியமில்லை.

இணை இயக்குநர் அதைக் கேட்டு நாற்காலியில் சாய்ந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கேளுங்க. துறைச் சொத்தைச் சேதப்படுத்தச் சொல்லி நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என் வாயால அது வராது. ஆனா இயக்குநர் வர்றப்போ திரையில ஒரு கீறல் இருக்கணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். மேற்பார்வையாளர் தன் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, அவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அறையில் மற்றவர்களும் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர்தான் இருந்தது.

மீட்டர்காரர் சாவியை எடுத்தார். நுனியைத் திரையில் வைத்தார். அதில் அவர் முகம் தெரிந்தது. நேற்று அதில் இன்னொரு முகமும் தெரிந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. கை நகரவில்லை. நிரந்தரத்தை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துப் பார்த்தார். அப்போதும் நகரவில்லை.

"முடியலைங்க ஐயா."

அதற்குள் வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மேற்பார்வையாளர் பேயறைந்த மாதிரி சுற்றும்முற்றும் பார்த்தார். கண் மீட்டர்காரரின் மீசையில் போய் நின்றது. "மன்னிச்சுக்கய்யா" என்று சொல்லி, நல்ல நீளமான வெள்ளை முடி ஒன்றைச் சுள்ளென்று பிடுங்கினார். எச்சில் தொட்டுத் திரைமேல் குறுக்காக ஒட்டினார். தள்ளி நின்று பார்த்தால் கீறலேதான். பழையதைவிடக் கொஞ்சம் கம்பீரமாகக்கூட இருந்தது.

மேடையில் இயக்குநர் மாலையை வாங்கிக்கொண்டு பேசினார்.

"இங்க வர்ற வழியில யோசிச்சேன். கீறல்னா என்ன? நமக்கும் மக்களுக்கும் நடுவுல இருக்குற ஒரு கோடு. இந்தக் கோட்டை அழிக்க வேற எந்தத் துறையாவது இவ்வளவு நாள் எடுத்துக்கிட்டிருக்கா? இல்ல! ஏன்? அவங்ககிட்ட குழு இல்ல. அவசரப்பட்டு எதையும் செஞ்சதில்லங்கறதுதான் நம்ம துறையோட பெருமை. இனியும் அப்படித்தான்!"

கைதட்டல் ஓய்ந்ததும் வெள்ளித் தட்டில் கைபேசி வந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில், குழு தேர்ந்தெடுத்து மொத்தமாக வாங்கியிருந்த திரைப் பொலிவுத் தூள். மேடை ஓரத்தில் நிறுத்தப்பட்டிருந்த மீட்டர்காரருக்கு அந்த வாசனை எங்கேயோ முகர்ந்த மாதிரி இருந்தது. அடிப்பிடித்த பாத்திரம் தேய்க்கிற தூள்.

"ஐயா, அது..." என்று ஆரம்பித்தார். மேற்பார்வையாளர் அவர் காலை மிதித்தார்.

இயக்குநர் தூளைத் தொட்டுத் திரைமேல் ஒரு இழுப்பு இழுத்தார். முடி அதோடு வந்துவிட்டது. கீறல் ஒரே இழுப்பில் மறைந்ததைக் கண்டு கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநருக்கே நம்ப முடியவில்லை. உச்சி குளிர்ந்துபோனார். அங்கே நிறுத்தியிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் படம் எடுப்பவர் பொத்தானை அமுக்கத் தவறிவிட்டார்.

"ஐயா, இன்னொரு தடவை."

இயக்குநர் தேய்த்தார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் பாத்து ஐயா."

தேய்த்தார்.

"சிரிச்ச மாதிரி ஐயா."

சிரித்தபடி, முழங்கையை விரித்து, நன்றாக அழுத்தித் தேய்த்தார். கரகரவென்ற சத்தம் ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது. தூளைத் துடைத்தபோது, பனி படிந்த ஜன்னல் மாதிரி திரை வெளுத்துப் போயிருந்தது. இயக்குநர் அதைப் பார்க்கவில்லை. கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோட கைபேசி இது? வாங்க தம்பி. உங்க திரையைப் பாருங்க. என்ன தெரியுது? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

மீட்டர்காரர் பார்த்தார். மூன்றும் தெரியவில்லை, எட்டும் தெரியவில்லை. கீழே இணை இயக்குநர் இரண்டு கையையும் கூப்பிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். நன்றாகத் தெரியுதுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிழைப்பு நிரந்தரம். சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் நேற்று அவ்வளவு பாடுபட்டுத் தேய்த்த திரை அது. அது கிடந்த கோலத்தைப் பார்த்ததும் கண் கலங்க, உண்மை தானாக வந்துவிட்டது.

"ஒண்ணுமே தெரியலைங்க ஐயா."

மேற்பார்வையாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இயக்குநர் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கேட்டீங்களா! ஒண்ணுமே தெரியலையாம்! கீறல் இருந்த சுவடுகூடத் தெரியலையாம்! சொல்றது நான் இல்ல, பயனாளி! பாருங்க, பேச முடியாம கண்ணு கலங்குது அவருக்கு!"

கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. அவரை அதே மேடையில் நிரந்தரமாக்கினார்கள். மீட்டர் பார்க்கிற வேலைக்கு அல்ல. இயக்குநர் காட்டிய முறையை எல்லா மண்டலங்களுக்கும் போய்க் கற்றுக்கொடுக்கிற கீறல் நீக்கப் பயிற்சியாளராக.

வீட்டில் மனைவி நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கேட்டாள்.

"அப்போ இனிமே நீங்க ஊர் ஊராப் போய் நல்லா இருக்குற போனையெல்லாம் கெடுக்கணுமா?"

"சம்பளம் நிரந்தரம்."

"நான் அதைக் கேக்கல."



முதல் பயிற்சி பக்கத்து மண்டல அலுவலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. நீளமான மரமேஜையைச் சுற்றி மீட்டர்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கிண்ணம் தூள். இயக்குநரின் தொடக்க விழாப் படத்தில் வெளுத்துப்போன திரையை எல்லோரும் பார்த்திருந்ததால் கிண்ணத்தை யாரும் தொடவில்லை. மேஜை முனையில் ஒரு பெண் கைபேசியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நேத்துதான் வீட்டுல உக்காந்து சரி பண்ணினேன். இதை வச்சுத்தான் வேலை பாக்கணும். என்னை மட்டும் விட்டுருங்கண்ணா."

அவர் கதவருகே போய் வெளியே எட்டிப் பார்த்தார். வந்து கதவைச் சாத்தினார்.

"எல்லாரும் போனைப் பைக்குள்ள போடுங்க."

"அப்புறம் எதைண்ணா தேய்க்கிறது?"

"மேஜையைத் தேய்ங்க. கை மட்டும் வட்டமா போகட்டும். குனிஞ்சே இருங்க."

தேய்த்தார்கள். அந்த மேஜையை யாரும் அதுவரை துடைத்ததில்லை போலிருக்கிறது. அழுக்குப் போய் மரத்தின் ரேகை தெரிய ஆரம்பித்தது. எல்லோருக்கும் உற்சாகம் பிறந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து இணை இயக்குநர் உள்ளே வந்தார், கூடவே படம் எடுப்பவரும்.

யாரும் நிமிரவில்லை. வட்டம் வட்டமாகச் சுற்றுகிற அத்தனை கைகளையும் பார்த்து அவர் நெகிழ்ந்துபோனார்.

"இதுய்யா ஒழுங்கு. இயக்குநர் பாக்கணும் இதை. நான்கூட ஓரமா நின்னு பாத்துட்டுப் போனா நல்லா இருக்காது. தலைவன்னா முன்மாதிரியா இருக்கணும்."

சட்டைப் பையிலிருந்து தன்னுடைய கைபேசியை எடுத்தார். துறை வாங்கியது அல்ல. சொந்தமாக வாங்கிய, விலை உயர்ந்த, ஒரு தூசி படாத கைபேசி. அதை மீட்டர்காரரின் கையில் கொடுத்துவிட்டு, கேமராவுக்குத் தோதாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னோடதையும் தேய்ங்க."

மீட்டர்காரர் தயங்கினார். "ஐயா, இதுல கீறலே இல்லைங்களே."

"அதனால என்ன? நாளைக்கு விழுமில்ல. முன்கூட்டியே நீக்குங்க. இயக்குநர் காட்டின முறையில, ஒரு இடம் விடாம."

"ஐயா சொன்னா சரி" என்றார் மீட்டர்காரர். தூளைத் தாராளமாகவே எடுத்தார்.

மேஜை முனையிலிருந்த பெண் மேஜை தேய்ப்பதை நிறுத்திவிட்டு, முழங்கைவரை கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்து வந்தாள்.

"அண்ணா, கை வலிச்சா சொல்லுங்க. நாங்க மாத்தி மாத்தித் தேய்க்கிறோம்."